இழுத்தால் சாயும் கல்லும் இருமாத அப்பாவும்

தம்பி,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். ஏழு வாரமாக உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்வது அந்த மஞ்சள் விரல் மட்டும்தான். சாப்பிட்டாயா என்றால் விரல். அங்கே குளிர் எப்படி என்றால் விரல். நீ படிக்கிறாயா இல்லையா என்று சந்தேகம் வந்து, போன வாரம் வேண்டுமென்றே "உங்கப்பா இன்று காலை யானை மேலேறி மந்தின் டவுன் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்" என்று அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் விரல். ஆனால் நேற்று முன்தினம், கடையில் மதியச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, விரலுக்குப் பதில் எழுத்து வந்தது. "அம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள இங்க பதில் சொல்லணும். வேலைய ஏத்துக்கிட்டா இங்கயே தங்குற மாதிரிதான். நீ என்ன சொல்ற?" அதைப் படித்துவிட்டு, பொரித்த மீனைத் தொடாமல் அப்படியே மூடி வைத்தேன் என்றால், என்னைத் தெரிந்த உனக்கு நிலைமை புரியும்.

இரண்டு நாளாக யோசித்து எழுதும் பதில் இது. பதில் கடைசியில் இருக்கிறது. அவசரமென்றால் அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வா. ஆனால் திரும்பி வா. நடுவில்தான் என் குற்றங்கள் இருக்கின்றன. இதை உனக்கு இன்றே அனுப்புகிறேன். அடுத்த மாதம் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா மலரிலும் இது அச்சாகும். ஏன் ஊருக்கெல்லாம் காட்டுகிறாய் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஊர் நடுவில் நின்று சொன்னதை ஊர் நடுவில் நின்றுதான் திரும்ப வாங்கவேண்டும். வீட்டுக்குள் முனகினால் செல்லாது. வருடாவருடம் மலரில் என் சிரிப்புக் கட்டுரைக்கு ஒதுக்கும் பக்கங்களை இந்த முறை இதற்குக் கேட்டேன். "சிரிப்பாத்தானே சிஸ்டர் இருக்கும்?" என்றார் கோயில் தலைவர். "இருக்கும் தலைவரே. ஆனா இந்தத் தடவ எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க" என்றேன். "அது எல்லா வருசமும் அப்படித்தான்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலரைப் புரட்டும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: நான் சிரம்பானில் ஒரு கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவள். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஒரே மகன்; ஜெர்மனியில் கல்லை ஆராய்கிறான்.

முதலில் உனக்குத் தெரிந்த குற்றம். ஏழு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய். படிப்பு முடியப்போகிறது, இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது, அங்கே உன் ஆய்வுக்கூடத்தில் ஒன்று, இங்கே நம் நாட்டில் விரிவுரையாளர் வேலை ஒன்று, "இன்னும் எதுவும் முடிவாகலம்மா" என்றாய். மனிதக் காது விசித்திரமான உறுப்பு. "இங்கே" என்ற சொல்லுக்குப் பிறகு நீ சொன்னது எதுவும் எனக்குள் ஏறவில்லை. அன்று மாலையே கோயில் கூட்டம். "பையன் எப்படி இருக்காரு சிஸ்டர்?" என்று தலைவர் சும்மா மரியாதைக்குக் கேட்டார். "திருவிழாவுக்கே வந்துருவான். வேலையும் இங்கதான், முடிஞ்சிருச்சி" என்று பதில் வந்தது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. மூன்றாம் நாள் கோயில் வாசலில் பன்னிரண்டடி பேனர். "எங்கள் தோட்டம் பெற்றெடுத்த படிக விஞ்ஞானியே! தாயகம் திரும்பும் தங்கமே! வருக வருக!" ஆஸ்பத்திரியில் பதினாறு மணி நேரம் கத்தியது நான்; தோட்டம் எப்போது பெற்றெடுத்தது என்று தெரியவில்லை. உன் படத்தை யாரோ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்; உன் தோள்மேல் உடம்பில்லாத ஒரு வளையல் கை கிடந்தது. பேனர் அடித்தவர் படிகம் என்றால் என்ன என்று போனில் தேடி, பின்னால் முழுக்க வைரமாகக் கொட்டிவிட்டார். நீ சிரம்பானில் நகைக்கடை திறக்கப்போகிறாய் என்று இரண்டு பேர் என்னிடம் தோட்டுக்குக் கல் விசாரித்தார்கள். கோலா கிளாவாங்கில் இருக்கும் மாமா மகள் அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப, நீ என்னைக் கூப்பிட்டாய். சத்தம் போடவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையாம்மா?" என்றாய். "நல்ல படமாத்தானே போட்டிருக்காங்க" என்றேன் நான். ஏழு வாரம் யோசித்தும் இதைவிட மோசமான ஒரு பதிலை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அது தெரிந்தது. இனி தெரியாதது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

போன வருடம், மழைக்காலம். நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்: கட்டுரை, கருத்தரங்கு, இயந்திரம் கிடைக்கவில்லை, இயந்திரம் கிடைத்துவிட்டது. அன்று நீ கூப்பிட்டபோது அப்பாவுக்கு லேசாக மூக்கடைப்பு. அவர் பாட்டுக்குப் பால் கலக்காத தே-ஓ குடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். நான் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் இருமுங்க" என்றேன்.

"எனக்கு இருமல் இல்லையே."

"இல்லன்னாத்தான் இருமச் சொல்றேன். இருந்தா நான் ஏன் சொல்லப்போறேன்?"

"எதுக்கு?"

"பிள்ளையப் பாக்கணுமா வேணாமா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, ஸ்டார்ட் ஆகாத லாரி மாதிரி ஒரே ஒரு இருமல் இருமினார். நேர்மையான மனிதர், இரண்டாவது வரவில்லை. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். நெஞ்சுச் சளி என்றேன். "டாக்டர் மூஞ்சே சரியில்லப்பா" என்றேன். டாக்டர் முகம் சரியில்லாதது உண்மை; பாவம், அவருக்கே அன்று பல் பிடுங்கியிருந்தார்கள். ஆறாம் நாள் நீ பையோடு வாசலில் நின்றாய். அப்பா உன்னைப் பார்த்ததும் பின்பக்கம் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனார் என்று நீ நினைத்தாய். அவர் வாழை மரத்துக்கு நேராக நின்று இருமிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஆமாம் தம்பி. அந்த இருமல் பொய். ஊரறிய எழுதுகிறேன், பொய்.

சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்து நாளும் உன் சப்பாத்து வாசலில் கிடந்தது. கப்பல் மாதிரி இரண்டு, வழியை அடைத்துக்கொண்டு. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஓரமாக எடுத்து வைக்க ஒரு நொடிதான் ஆகும், மனம் வரவில்லை. நீ போன மறுநாள் அதே இடத்தில் காலைத் தூக்கித் தாண்டினேன். அங்கே ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னக்கா, முட்டி வலியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் சி ரூசா கடற்கரைக்குப் போனோமே, அதை நான் எத்தனை முறை திருப்பி ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. பாயை விரித்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்து, நான் வழக்கம்போல, "அந்தக் கல்லுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்றேன். நான் கேட்டது வாய்க்கு வேலை கொடுக்க. நீ உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, டிஷ்யூ பெட்டியைக் கவிழ்த்து நடுவில் வைத்தாய். ஃபெரோஎலக்ட்ரிக் என்றாய். இரும்பு சம்பந்தமா என்றார் ஆலைக்கார அப்பா. பெயரில் மட்டும்தான் இரும்பு, கல்லில் இல்லை என்றாய். மைசூர்பாக்கில் மைசூர் இல்லாத மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். பெட்டியின் எட்டு மூலையிலும் ஓரணு, ஒவ்வொரு முகத்திலும் ஓரணு, நடுவே தனியாக ஒன்று. சூடாக இருக்கும்போது நடுவில் இருப்பது அங்கேயும் இங்கேயும் ஆடிக்கொண்டு, மொத்தத்தில் நடுவிலேயே நிற்கும். சூடு குறைந்தால் ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது சாய்ந்தால் பக்கத்துப் பெட்டியிலும் அதே பக்கம், அதற்கடுத்த பெட்டியிலும் அதே பக்கம். இப்படி எல்லாம் சேர்ந்து சாய்வதால்தான் கல்லுக்கு ஒரு முனையில் கூட்டல் மின்சாரமும் மறுமுனையில் கழித்தல் மின்சாரமும் வருகிறது என்றாய். "நம்ம கோயில் கமிட்டி" என்றார் அப்பா. ஒரு வருடத்தில் அவர் சொன்ன ஒரே ஜோக் அது. நீ மணலில் புரண்டு சிரித்தாய்.

பிறகுதான் உன் ஆராய்ச்சிக்கு வந்தாய். அந்தப் பெட்டிகளை ஒரு படலமாக, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசாக, வேறொரு கல்லின்மேல் வளர்க்கிறீர்களாம். அடியில் இருக்கும் கல்லின் கட்டம் கொஞ்சம் சின்னது என்றால், மேலே இருப்பது தன்னை ஒடுக்கிக்கொண்டுதான் அதில் உட்காரவேண்டும். ஒடுங்குவது நூற்றில் ஒரு பங்கு இருக்குமோ என்னவோ, அவ்வளவுதான். அந்த ஒரு பங்குக்கே எல்லாம் மாறுகிறது: பக்கவாட்டில் சாயவேண்டிய அணு மேலே நிமிர்ந்து சாய்கிறது, ஒளி ஒரு திசைக்கு ஒரு வேகத்தில் போகிறது, உள்ளே நடக்கும் அதிர்வுகளின் சுருதியே மாறுகிறது. "அம்மா, திருவிழாவுல உறுமிக்காரப் பையனுங்க தோலை இழுத்துக் கட்டுவாங்கல்ல? இறுக்க இறுக்க சத்தம் மாறும்ல? அதான்" என்றாய். கல்லின் சத்தம் காதுக்குக் கேட்காது, அதனால் லேசர் ஒளியை அடிக்கிறோம், திரும்பி வருவதில் துளியூண்டு நிறம் மாறி வரும், எவ்வளவு மாறியது என்று பார்த்தால் உள்ளே என்ன சுருதி என்று தெரிந்துவிடும் என்றாய். எல்லா அதிர்வுக்கும் நடுவே ஒரு சோம்பேறி அதிர்வு இருக்கிறதாம். குளிரக் குளிர அது மட்டும் மெதுவாகிக்கொண்டே வரும். ஒருநாள் ஆடப்போன இடத்திலிருந்து திரும்பி வராது. அங்கேயே நின்றுவிடும். அந்த நிற்பதுதான் சாய்வு. நீ இதைச் சொல்லும்போது சம்பல் உன் முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது, உனக்குத் தெரியவில்லை. நான் துடைக்கவில்லை. துடைத்தால் நிறுத்திவிடுவாயோ என்று பயம்.

இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவில் கல்லை வைத்துப் பார்ப்போம், இறுக்கம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும் என்று நீ சொன்னபோது, "டேய், அது எங்க கடையில இருக்குடா" என்றேன். கண்ணாடிச் சட்டத்தில் லென்ஸ் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி, விளக்கு, இரண்டு கறுப்புத் தகடு. நல்ல வேலை என்றால் லென்ஸ் அமைதியாக இருட்டாக இருக்கும். இறுக்கிவிட்டால் ஓரமெல்லாம் வெள்ளைக் கீற்று பளபளக்கும். நீ எழுந்தே உட்கார்ந்துவிட்டாய். "அம்மா! நீ முப்பது வருசமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா? எங்க லேப்ல இருக்கிற மெசினுக்கு அது அண்ணன்மா!" எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சரி, இரண்டு பேர். அவை எதுவும் அந்தப் பெட்டியின் அண்ணன் உறவுக்குப் பக்கத்தில் வராது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? நீ இன்னொரு கல்லைப் பற்றிச் சொன்னாய். எவ்வளவு குளிரவைத்தாலும் கடைசிவரை சாயாத கல். சாய்கிறேன் சாய்கிறேன் என்று கிட்டே போகும், உள்ளுக்குள் ஓயாத ஒரு நடுக்கம் இருப்பதால் முடிவுக்கு மட்டும் வராது. அதையே கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும், சாதாரண அறைச் சூட்டிலேயே சாய்ந்துவிடுகிறது என்றாய். நான் தொடையில் தட்டினேன். "பாத்தியா? விஞ்ஞானமே சொல்லுது. இழுத்துப் பிடிச்சாத்தான் எதுவும் வழிக்கு வரும்." நீ சிரித்துவிட்டு, "அது கல்லும்மா" என்றாய். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாய். படலத்தை ஓரளவுக்குமேல் தடிமனாக வளர்த்தால் இறுக்கத்தைத் தாங்காது, உள்ளே வரிவரியாக உடைந்துதான் இளைப்பாறும் என்று. நான் அப்போது அப்பாவின் பொட்டலத்திலிருந்து அவித்த முட்டையைத் திருடுவதில் கவனமாக இருந்தேன். எனக்கு வேண்டிய பாதி விஞ்ஞானம் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வருடம் ஓட்டினேன்: ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் இழுவை. எதிர்வீட்டுப் பையன் அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்ததைச் சொல்வது. உன் கட்டிலுக்குப் புது உறை போட்டதைப் படம் பிடித்து அனுப்புவது. "நாங்க என்னப்பா, இருக்கிறவரைக்கும் இருப்போம்" என்று ஒரு பெருமூச்சு. வயது ஐம்பத்தாறு, மலாக்காவரை பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன், ஆனால் உன்னோடு பேசும்போது மட்டும் தொண்ணூறு.

பேனருக்கு அப்புறம் ஐந்தாவது வாரம், கடைக்கு ஒரு மலாய் ஆசிரியை வந்தார். ஓய்வு பெற்றவர், சிக்கு, அதாவது மலாயில் டீச்சர், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் பொருத்திய கண்ணாடியைக் கொண்டு வருவது அது மூன்றாவது முறை. லென்ஸின் மேல்பூச்சு ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது. முதல் இரண்டு முறையும், காருக்குள் வெயிலில் வைத்தீர்களா என்று நான் அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன். மூன்றாம் முறை அவர் மெதுவாக, வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்: "வெயில் எல்லார் கண்ணாடிக்கும் ஒரே வெயில்தானே. நீ மாட்டினது மட்டும் ஏன் வெடிக்குது?"

அவரை உட்காரவைத்துவிட்டு, கண்ணாடியை அந்தப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். லென்ஸைச் சுற்றி ஓரம் முழுக்க வெள்ளைக் கீற்று. தம்பி, இத்தனை வருடத்தில் மற்றவர்கள் செய்த வேலையைத்தான் நான் அந்தப் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு நன்றாகச் சிரித்தும் இருக்கிறேன். என் வேலையை வைத்ததில்லை. என் வேலைக்கு எதற்குப் பெட்டி? ஏன் இறுக்கினேன் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மாட்டிய லென்ஸ் ஒன்று கழன்று, வாடிக்கையாளரின் கறி மீ நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் விழுந்தது. கடை முதலாளி தவுக்கே அன்று திட்டிய திட்டு மூன்று மொழியில் இருந்தது. அன்றிலிருந்து, விழுந்துவிடக்கூடாதே என்று லென்ஸை ஒரு மயிரிழை பெரிதாகவே தேய்த்து, ஸ்க்ரூவை இன்னும் அரைச் சுற்று கூடுதலாகத் திருப்பி வந்திருக்கிறேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அழகாக உட்கார்ந்திருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு போகிறவர்தான் எங்கேயோ ஒரு வெயிலில் அதை அனுபவிக்கவேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். கீற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. லென்ஸ் விழவில்லை. ஆனால் வெடித்த பூச்சு வெடித்ததுதான், அது ஒட்டாது. சிக்குவுக்குப் புது லென்ஸ் போட்டுக் கொடுத்து, தவறு என்னுடையது என்றும் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கத் தவுக்கே உள்ளேயிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் இதை அப்பாவிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "போன வருசம் அவனுக்கு ஒரு மெசின் கெடச்சிருந்திச்சி" என்றார்.

"என்ன மெசின்?"

"பெரிய எக்ஸ்ரே. ஊர் மாதிரி வட்டமா இருக்குமாம். எட்டு மாசம் வரிசையில நின்னு நாலு நாள் குடுத்தாங்களாம். அந்த நாலு நாள்லதான் இங்க வந்து என் இருமலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான்."

"யார் சொன்னா உங்ககிட்ட?"

"அவன்தான். ஏர்போர்ட்ல. பரவால்லப்பா, நீங்கதான் முக்கியம்னான்." தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நான் அப்பயே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றார். "நீ இருமச் சொன்ன. இருமினது நானு."

அன்றைக்குத்தான் சி ரூசாவில் நான் காதில் வாங்காத, இறுக்கம் தாங்காமல் உள்ளே உடையும் என்ற அந்த மற்றப் பாதி விஞ்ஞானம் வந்து என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தது. அந்த நாலு நாள் போனதால் உன் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனதா, உன்னோடு நின்றவன் முந்திக்கொண்டானா, எதுவும் எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வலிக்கிறது. ஆகவே ஓர் அறிவுரை. இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான், மற்றதையெல்லாம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. பரவாயில்லை என்று இனி யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன்னை நேசிப்பவர்களிடம். எங்களுக்கு அது போதாது. நாங்கள் அதைக் கேட்டால் இன்னும் அரைச் சுற்று திருப்புவோம். சண்டை போடு. "ஏம்மா இப்படிச் செஞ்ச" என்று கத்து. உன் கத்தலை இரண்டு ஊர் தாண்டிக் கேட்கிற மாதிரி நான் திருப்பிக் கத்துவேன், ஆனாலும் கேட்டுக்கொள்வேன். நீ கோபப்பட்டால் எந்த இடத்தில் இறுகுகிறது என்றாவது எனக்குத் தெரியும்.

நேற்று காலையில் அப்பா ஏணி வைத்துப் பேனரைக் கழற்றினார். தலைவருக்கு மனமே இல்லை. "அப்ப பையன் வரலியா சிஸ்டர்?" என்றார். "தெரியாது தலைவரே. நான்தான் கேக்காம சொல்லிட்டேன்" என்றேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த நாலு பெண்களும் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து முப்பது வருடம் மற்றவர்களைப் பற்றிப் பேசியவள் நான்.

இப்போது உன் கேள்வி. நான் என்ன சொல்கிறேன்?

அந்த வேலையை ஏற்றுக்கொள், தம்பி. டிஷ்யூ பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நீ பேசினாயே, அந்த முகத்தை நான் என் சமையலறையில் ஒருநாளும் பார்த்ததில்லை. என் மீன் குழம்புக்கு வராத முகம் அந்தச் சோம்பேறி அதிர்வுக்கு வந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உனக்கே இங்கே வரவேண்டும் என்று இருந்தால், இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டவேண்டும் என்று ஆசை இருந்தால், வா. எங்களுக்காக என்றால் வராதே. இதைப் படித்துவிட்டு அம்மா கோபத்தில் போகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் சொல்வதாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன், போனை வைத்துவிட்டு உன் பெரியம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். அதே நேரம், எனக்கு ஆசையில்லை என்றும் நினைத்துவிடாதே. நீ வேண்டும். தினமும் வேண்டும். மந்தினிலிருந்து சிரம்பானுக்குக் காலை பஸ்ஸில் போகும்போது, உன் வயதுப் பையன் எவனாவது பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினால், அவன் இறங்கவேண்டிய இடத்தில் எழுப்பிவிடுவது இப்போது என் வேலையாகிவிட்டது. அது என் ஏக்கம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். உன் பக்கம் தள்ளமாட்டேன். தள்ளினால் திருப்பி அனுப்பு.

இன்னொன்று. இன்று காலை நானும் அப்பாவும் சிரம்பானில் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். பிறந்ததிலிருந்து முதல் பாஸ்போர்ட். அப்பா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து நின்றதில் முகம் நெல்லிக்காய் மாதிரி வந்திருக்கிறது. முகப்பில் இருந்த பெண், எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். நான் பதிலுக்கு வாயைத் திறந்து, ஜெர்மனி, கல், லேசர் என்று ஆரம்பிப்பதற்குள், என்றைக்கும் முந்திப் பேசாத மனிதர் முந்திக்கொண்டார். "மகன் கூப்பிட்டா போவோம்" என்றார், மலாயில், தெளிவாக. அந்தப் பெண், "எப்போ கூப்பிடுறாரு?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாரத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குச் செல்லுமாம். வேலை கொடுக்கிறவர்களுக்கு எழுதவேண்டிய பதிலை முதலில் எழுது. உன் வேலையைப் பார். நாலு நாள் கிடைத்தால் அந்த வட்ட இயந்திரத்துக்குப் போ, நாங்கள் எங்கேயும் ஓடிவிடமாட்டோம். அப்புறம் என்றைக்காவது உனக்குத் தோன்றினால் எங்களைக் கூப்பிடு. கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்று இந்த இடத்தில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதுவதில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருப்பதால், எழுதவில்லை.

அம்மா